சாத்திர தானமும் ஊர் நூலகமும்

(சுருத பஞ்சமி விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

அறுவடைக்கு விழா எடுக்கும் மக்கள் உண்டு. போரில் பெற்ற வெற்றிக்கு விழா எடுக்கும் மக்கள் உண்டு. ஒரு நூல் எழுதி நிறைவேறிய நாளைத் திருநாளாகப் போற்றிவரும் பெருமை நம் சமயத்துக்கு உண்டு. கிர்நார் மலைக் குகையில் தவமிருந்த தரசேனாசாரியர், செவிவழி வந்த ஆகம அறிவு தம்மோடு மறைந்துவிடுமோ என்று கவன்றார் என்று நம் மரபு கூறும். அவர் புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்களை வரவழைத்து, அவர்தம் தகுதியை ஆராய்ந்து, தாம் அறிந்ததைக் கற்பித்தார். அவ்விருவரும் ஷட்கண்டாகமத்தை எழுத்தில் அமைத்தனர். அது நிறைவுற்ற நாளே இச்சுருத பஞ்சமி.

ஆசாரியர் செய்ததைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நினைவாற்றல் குன்றி வருகின்றது என்னும் நிலைமையை முதலில் கண்டார். காக்க வேண்டியது எது என்று வரையறுத்தார். அதற்குரிய ஆட்களைத் தேடிக் கண்டார். பணியை ஒப்படைத்தார். இன்றைய நிருவாகவியலார் தொலைநோக்குத் திட்டம் என்று பெரிதாகப் பேசுவது இந்த நான்கு செயல்களைத்தான்.

இதை இங்கே கூறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் அறக்கட்டளை நூலகப் பணிக்கென்று ஒரு தொகையை ஒதுக்க எண்ணியுள்ளது. தனிக் கட்டடம் எழுப்பலாமா என்னும் பேச்சும் நடைபெற்று வருகின்றது. அது குறித்து என் கருத்தைக் கூறுமாறு பொறுப்பாளர்கள் பணித்தார்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். புதிய கட்டடம் வேண்டா. ஊரில் ஏற்கெனவே இருக்கும் பொது நூலகத்தைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கவும், இதுவரை அதன் படியேறாதவர்களை அங்கே கொண்டு சேர்க்கவும் அத்தொகை பயன்பட வேண்டும். இதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கின்றேன்.

கொடுத்தலும் காத்தலும்

உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை நம் அறநூல்கள் பேசுகின்றன. உணவுத் தானம் எப்போது நிறைவேறும்? உண்டவன் பசி ஆறும்போது. மருந்துத் தானம் நோய் தணியும்போது நிறைவேறும். அவ்வாறெனின், சாத்திர தானம் நூலை வாங்கி அடுக்கில் வைத்த அன்று நிறைவேறிவிடுமா? ஒருவர் அதை எடுத்துப் படிக்கும்போதுதான் நிறைவேறும். இந்த எளிய உண்மையை மறந்தால் நூலகத் திட்டம் தச்சு வேலைத் திட்டமாகிவிடும்.

பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் சமணப் பெருமாட்டியைப் பலரும் அறிவீர்கள். தானசிந்தாமணி என்று போற்றப்பெற்றவர். பொன்னர் இயற்றிய சாந்திபுராணம் அழிந்துவிடக் கூடாது என்று கருதி, அதற்கு ஆயிரம் படிகள் எழுதச் செய்து வழங்கினார் அவ்வம்மையார். அச்சுப் பொறி இல்லாத காலம். ஆயிரம் படி என்றால் எத்தனை ஓலை, எத்தனை எழுத்தாளர், எத்தனை நாள் உழைப்பு! ஒரே ஓர் அழகிய படியைச் செய்வித்துக் கோயிலில் வைத்துப் பூசித்திருந்தாலும் அவருக்குப் புண்ணியம் கிட்டியிருக்கும். அவரோ படிகளைப் பெருக்கிப் பலர் கையில் சேர்த்தார். ஓரிடத்துப் படியைச் செல் அரித்தாலும் வேறோரிடத்துப் படி வாழும் என்னும் தெளிவு அச்செயலில் இருக்கின்றது.

காத்தலின் அருமையையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஷட்கண்டாகமத்தின் உரையாகிய தவளத்தின் ஓலைச்சுவடிகளை மூடபித்ரி நூற்றாண்டுக் கணக்கில் கண்ணெனக் காத்தது. அந்தக் காவல் இன்றேல் இன்று நமக்கு ஒன்றும் எஞ்சியிராது. ஆனாலும் அந்நூல் கற்போர் கைக்கு எட்டியது எப்போது? படியெடுக்கப்பெற்று, ஹீராலால் ஜெயின் முதலிய அறிஞர்களின் உழைப்பால் 1939-ஆம் ஆண்டு தொடங்கிப் பதினாறு தொகுதிகளாக அச்சேறிய பின்னரே. காத்தவரையும் வணங்குவோம், அச்சேற்றியவரையும் வணங்குவோம்.

நாம் முன்னரே கொடுத்த காசு

இனிப் பொது நூலகத்துக்கு வருவோம். சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1931-இல் வெளிவந்த தம் நூலில் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அவற்றின் சாரம் இதுதான்: நூல் பயன்படுவதற்கே இருக்கின்றது, ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும், வாசகரின் காலம் வீணாகலாகாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவ்வைந்தில் ஒன்றுகூடக் கட்டடத்தைப் பற்றியது அன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அதே 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்னும் பொறியாளர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் அரங்கநாதன். படிப்பவர் வரட்டும் என்று காத்திராமல், படிப்பவர் இருக்கும் இடத்துக்கு நூல் சென்றது.

அரங்கநாதனின் பெருமுயற்சியால், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் தோன்றிய முதற் பொது நூலகச் சட்டம் அது. 1950 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துப் பெறப்படும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஆறு பையாக இருந்த அவ்வரி, அதாவது பழைய கணக்கில் அரையணா, இன்று ஒரு ரூபாய்க்குப் பத்துக் காசு.

உங்கள் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் சொத்து வரி என்றால், அதனோடு நூறு ரூபாய் நூலக வரியும் நீங்கள் செலுத்தியிருக்கின்றீர்கள். ஆகவே ஊர் நூலகம் அரசு தரும் இலவசம் அன்று. அதற்குரிய காசை ஒவ்வோர் ஆண்டும் நாமே கொடுத்து வருகின்றோம். கொடுத்த காசின் பயனைக் கேட்டுப் பெறாதவர்களும் நாமே. வசூலித்த நூலக வரி உரிய காலத்தில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு வந்து சேராமல் நிலுவையாக நிற்பது பல்லாண்டுகளாகப் பேசப்படும் குறை. நம் ஊர் வரி போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கின்றது.

இன்று தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எனப் பல படிநிலைகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. அவை நமக்குப் பெருமை. ஆயினும் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிற்றூர்ச் சிறுமி மாலையில் நடந்து செல்லக்கூடிய நூலகம் அவள் தெருக்கோடியில் இருப்பது ஒன்றுதான். நாடு முழுவதற்கும் வகுக்கும் திட்டம் அவளுடைய நடையளவில் வந்து முடிய வேண்டும்.

மும்மணி காட்டும் வழி

திட்டம் வகுப்பது எவ்வாறு? நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளின் வரிசையே இங்கும் வழிகாட்டும் என்பது என் துணிபு. முதலில் உள்ளதை உள்ளவாறு காண வேண்டும். பிறகு எது செய்யத்தக்கது என அறிய வேண்டும். அதன்பின் அறிந்தபடி ஒழுக வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் மூன்றாவதில் தொடங்குகின்றன. காணாமலும் அறியாமலும் செங்கல் வாங்கி விடுகின்றோம்.

காட்சி என்பது கணக்கெடுப்பு. நூலகத்தில் எத்தனை நூல்கள் உள்ளன என்பது எளிய கணக்கு. பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். கடினமான கணக்கு வேறு. யார் வருகின்றார்கள்? எந்த நேரத்தில் வருகின்றார்கள்? யார் வரவில்லை, ஏன் வரவில்லை? எடுத்துக்காட்டாகப் பத்தாயிரம் நூல்கள் உள்ள நூலகத்தில் ஆண்டுக்கு மூவாயிரம் முறை நூல்கள் வழங்கப்படுகின்றன என்று கொள்வோம். மூவாயிரம் நூல்களே உள்ள மற்றொன்றில் ஒன்பதாயிரம் முறை வழங்கப்படுகின்றன என்று கொள்வோம். எது பெரிய நூலகம்? சாத்திர தானத்தின் கணக்கில் இரண்டாவதே பெரிது.

இன்று பல நூலகங்களில் காலை முதல் இடம் பிடித்து அமர்பவர்கள் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படிக்கும் இளைஞர்கள். அவர்களுள் பலர் தம் நூல்களைத் தாமே கொண்டு வருகின்றனர். அவர்களுக்கு வேண்டுவன ஒரு நாற்காலி, ஒரு மேசை, மின்விசிறி, வெளிச்சம், அமைதி. ஓரறை வீட்டில் ஐவர் வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு இவை எளிதில் கிட்டா. நூல் வழங்கிய எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் திட்டம் இவர்களைக் காணாது.

வராதவர்களையும் எண்ணுங்கள். கழிப்பறை இல்லாத நூலகத்தில் எந்தப் பெண் மூன்று மணி நேரம் அமர்ந்து படிப்பாள்? படியேற இயலாத முதியவர், பார்வை குன்றியவர், மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஓய்வு பெறும் கூலித் தொழிலாளி ஆகியோரெல்லாம் வாசகர்களாகும் தகுதி உடையவர்களே. முப்பதாண்டுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்னும் முறையில் ஒன்று கூறுவேன். படிக்கும் விருப்பமில்லாத மாணவர்களைவிட, பாடநூலுக்கு அப்பால் ஒரு நூலையும் கையில் தொடும் வாய்ப்புப் பெறாத மாணவர்களே மிகுதி. பள்ளி விடும் நேரமும் நூலகம் மூடும் நேரமும் ஒட்டி வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்?

அடுத்தது ஞானம். கண்டவற்றுள் நம்மால் இயன்றதைத் தேர்ந்தெடுத்தல். ஐந்தாண்டுக்கு மூன்று நோக்கங்கள் போதும். முப்பது நோக்கங்களை எழுதிய திட்டத்தில் ஒன்றும் நடவாது. வேண்டாதவற்றை விடுதலும் ஞானத்தின் பகுதியே. பக்கங்கள் கழன்ற நூல்கள், காலங்கடந்த தேர்வு வழிகாட்டிகள், ஒரே நூலின் மிகைப் படிகள் ஆகியவை அடுக்கை அடைத்துக்கொண்டிருந்தால் நல்ல நூல் கண்ணில் படாது. பரிமித பரிக்கிரகம் என்று நம் இல்லறத்தார்க்கு விதித்த அளவு நூலகத்துக்கும் நல்லது. நன்கொடை என்னும் பெயரால் வீட்டுப் பரணைக் காலி செய்து நூலகத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதைச் சாத்திர தானமென்று சொல்ல இயலாது.

மூன்றாவது ஒழுக்கம். பணம், ஆள், காலம் மூன்றையும் நோக்கத்தோடு பிணைத்துச் சொன்னபடி நடத்தல். கட்டடம் ஒரு முறைச் செலவு. அதற்குக் கல்வெட்டும் உண்டு, படமும் உண்டு. ஆண்டுதோறும் ஆகும் செலவுக்குக் கல்வெட்டு இல்லை. ஆகையால் முன்னதற்குக் கொடையாளர் பலர் கிடைக்கின்றனர். பின்னதற்கு ஒருவரும் கிடைப்பதில்லை. திறப்பு விழாவுக்குப் பின் பூட்டிக் கிடக்கும் படிப்பகங்களை எந்த வட்டாரத்திலும் நாம் பார்க்கலாம்.

இரண்டு ஐயங்கள்

நம் சமூகத்தின் பணத்தை எல்லார்க்கும் பொதுவான நூலகத்துக்குக் கொடுப்பதா என்று சிலர் கேட்கலாம். பவணந்தி முனிவர் சீயகங்கனின் வேண்டுகோளுக்கிணங்கி நன்னூலை இயற்றினார். மண்டல புருடர் சூடாமணி நிகண்டு செய்தார். நாலடியாரைச் சமண முனிவர்கள் பாடியதாக மரபு கூறும். இந்நூல்களைப் பயின்றோர் யாவர்? சைவர் பயின்றனர்; வைணவர் பயின்றனர்; தமிழ் கற்ற அனைவரும் பயின்றனர். மறுபுறம், சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையருக்குச் சமண சமயக் கருத்துகளை விளக்கித் துணை நின்றவர்கள் கும்பகோணத்துச் சமண நண்பர்கள். 1887-இல் வெளிவந்த அப்பதிப்பால் நம் காப்பியம் தமிழ் நாடு முழுமைக்கும் உரியதாயிற்று. வந்தவர் வேற்றுச் சமயத்தார் என்று அவர்கள் கதவை அடைத்திருந்தால் இழப்பு யாருக்கு?

இதனோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. நாம் கொடுக்கும் பணத்தில் நம் சமய நூல்களை மட்டுமே வாங்க வேண்டும் என்னும் நிபந்தனையை விதிக்க வேண்டா. ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்குக என்னும் அநேகாந்தத்தை உலகுக்குச் சொன்னவர்கள் நாம். நமக்கு உடன்பாடில்லாத நூலும் இருக்கும் அடுக்கில் நம் நூல் இருந்தால்தான் நடுநிலையாகத் தேடுபவன் அதை எடுப்பான்.

அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது ஐயம். இது நியாயமான கேள்வி. நூலகர் ஊதியமும் கட்டடப் பராமரிப்பும் அரசின் கடமை. அவற்றை நாம் ஏற்றுக்கொண்டால் அந்தக் கடமை மெல்ல நழுவிவிடும். அவற்றைக் கேட்டுப் பெறுவதே நம் வேலை. அரசின் கை எட்டாத சிறு இடைவெளிகளை நிரப்புவதோடு நாம் நின்றுகொள்ள வேண்டும். வாசகர் வட்டம், புரவலர் முறை என்னும் வழிகள் பொது நூலகத் துறையிலேயே உள்ளன. அவற்றின் வாயிலாகச் செல்வதே முறை.

அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள்

ஒதுக்கிய தொகையை முதலாக வங்கியில் வைத்து, அதன் வட்டியை மட்டும் செலவிடுக. அவ்வட்டியைக் கொண்டு மூன்று பணிகள் செய்யலாம்.

முதலாவது, மாவட்ட நூலக அலுவலரின் ஒப்புதலோடு, நம் ஊர் நூலகம் நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்க ஓர் உதவியாளர்க்கு மதிப்பூதியம் வழங்குதல். அத்துடன் நாற்காலி, விளக்கு, குடிநீர் ஆகிய குறைகளைத் தீர்த்தல். கழிப்பறையை அரசிடம் கேட்டுப் பெறுவோம். ஓராண்டுக்குள் வாராதாயின் நாமே அமைத்துக் கொடுப்போம்.

இரண்டாவது, நூலகத்துக்கு வர இயலாத முதியோர்க்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் நூல்களை வீட்டுக்கே கொண்டு சேர்த்தல். நூலக நண்பர்கள் என்னும் பெயரில் தன்னார்வலர்களைக் கொண்டு அரசே இப்பணியைத் தொடங்கியுள்ளது. இந்த அவையில் இருக்கும் கல்லூரி மாணவர்கள் அதில் சேரலாம். மன்னார்குடி மாட்டு வண்டியின் வேலையை உங்கள் மிதிவண்டி செய்யட்டும்.

மூன்றாவது, நம் இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் உள்ள ஓலைச்சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் பட்டியலிட்டு, மின்படியாக்கம் செய்யும் நிறுவனங்களின் துணையோடு படியெடுத்து, அப்படியைப் பொது நூலகத்திலும் வைத்தல். மூலச்சுவடி உரியவரிடமே இருக்கட்டும். அத்திமப்பையார் ஆயிரம் படிகளால் செய்ததை இன்று ஒரு படக்கருவியால் செய்ய இயலும்.

கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்று இளைஞர்கள் நினைக்கலாம். கைப்பேசி நீங்கள் கேட்டதைக் கொடுக்கும். கேட்கத் தெரியாததை அடுக்கின் முன் நிற்கும்போதுதான் காண்பீர்கள். நல்ல நூலகர் உங்களை அறிந்து, அடுத்து இதைப் படித்துப் பார் என்று ஒரு நூலை எடுத்துக் கையில் வைப்பார். அந்தக் கணத்துக்காக அவர் அங்கே இருக்க வேண்டும். கதவும் திறந்திருக்க வேண்டும்.

சுருத பஞ்சமி நாளில் சுவடிகளை வெளியே எடுத்துத் தூசு தட்டி, பழுது பார்த்து, புதிய துணியில் பொதிந்து வைப்பது நம் வழக்கம். நூலகத் துறையார் இதனையே இருப்புச் சரிபார்ப்பு என்பர். நம் முன்னோர் அதைப் பூசையாகவே ஆக்கி வைத்தனர். ஆதலின் இன்னொரு வழக்கத்தையும் இன்று சேர்த்துக்கொள்வோம். ஒவ்வொரு சுருத பஞ்சமியிலும், பூசை முடிந்தபின், இந்த மேடையில் ஒரு கணக்கு படிக்கப்பெற வேண்டும். கடந்த ஓராண்டில் நம் ஊர் நூலகம் எத்தனை மணி நேரம் திறந்திருந்தது? புதிதாக எத்தனை பேர் உறுப்பினராயினர்? அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்? எத்தனை வீடுகளுக்கு நூல் சென்றது? எத்தனை சுவடிகள் படியெடுக்கப்பெற்றன? எண்கள் சிறியனவாக இருப்பினும் நாணாமல் படிப்போம். அடுத்த ஆண்டு அவற்றைப் பெருக்குவோம். பொறுப்பாளர்கள் இன்றே இசைவளித்தால், முதற் கணக்கை வரும் ஆண்டு இதே நாளில் நாம் அனைவரும் கேட்கலாம்.

 அறம் வளர்க; கல்வி பெருகுக; ஜெய ஜினேந்திரம்.